மடையும் மடைப்பள்ளியும்

முன்னொரு காலத்தில் பூபாலதேவன் என்றொரு மன்னன் இருந்தான். மற்ற மன்னர்களுக்கு யானை மேல் ஆசை, மண் மேல் ஆசை என்றால் இவனுக்குச் சொற்கள் மேல் ஆசை. எங்காவது ஒரு நல்ல சொல் காதில் விழுந்துவிட்டால் ஆறு மாதம் அதைக் கீழே வைக்கமாட்டான். ஒருமுறை ‘சுறுசுறுப்பு’ என்ற சொல் அவனைப் பிடித்துக்கொண்டது. அரண்மனைக்குள் யாரும் நடக்கக்கூடாது, ஓடத்தான் வேண்டும் என்று உத்தரவு போட்டான். கிழ அமைச்சர் ஒருவர் ஓடிப்போய்த் தூணில் மோதி இரண்டு பல்லை இழந்த பிறகுதான் அந்தச் சொல் ஓய்ந்தது.

ஒரு கோடைக்காலத்தில் வெளிநாட்டுப் பண்டிதர் ஒருவர் வந்து மூன்று நாள் சொற்பொழிவு செய்தார். நடுநிலை என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்பவனே மனிதரில் உயர்ந்தவன் என்று அவர் உருகி உருகிச் சொன்னார். மன்னன் சொக்கிப்போனான். பண்டிதர் ஊருக்குப் போய்விட்டார், அவர் கொண்டுவந்த சொல் மட்டும் அரண்மனையிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை. குழம்பில் உப்புப் போதுமா என்றால், “உப்பைப் பொறுத்தவரை நான் நடுநிலை” என்றார் சமையற்காரர். மழை வருமா என்றால், “வானத்துக்கும் பூமிக்கும் இடையில் நான் பேசக்கூடாது” என்றார் ஜோதிடர். சொல் மதில் தாண்டி ஊருக்குள்ளும் போயிற்று. தாய்க்கும் மனைவிக்கும் சண்டை வந்த வீட்டில் ஒருவன், “நான் நடுநிலை” என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தான். அவ்வளவுதான், இரண்டு பெண்களும் ஒற்றுமையாகிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து அவனுக்குச் சோறு போடவில்லை.

இந்தச் சொல்லை வாயில் போட்டு மெல்லாத ஒரே ஆள் அரசவை விகடகவி ஆராவமுதன். ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள், எதையும் நிதானமாகப் பார்க்கும் கண்கள். மன்னனைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அதனாலேயே அவனைக் கண்டால் சிலருக்கு வயிறு எரிந்தது. எல்லோரையும் விட அதிகமாக எரிந்தது தளவாய் குமாரசிங்கருக்கு. ஒருமுறை படை அணிவகுப்பில், “முன்னால் வருவது தளவாயின் மீசை. தளவாய் சற்று நேரத்தில் பின்னால் வருவார்” என்று ஆராவமுதன் சொல்லப்போக, அரசியிலிருந்து குதிரைக்காரன் வரை அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத் தளவாய் மறக்கவே இல்லை.

அந்த ஊர் ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து, முதலில் தளவாயின் மாந்தோப்பைத் தொட்டு, பிறகு நாச்சம்மை என்பவளின் பூந்தோட்டத்துக்குப் போகும். நாச்சம்மைக்கு நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை, இரண்டு பெண்கள். மல்லிகையும் பிச்சியும் மருக்கொழுந்தும் பயிரிட்டு, கோயிலுக்குப் பூக் கொடுத்துப் பிழைத்து வந்தாள். அந்தக் கோடையில் தளவாய்க்குத் தன் தோப்பில் ஒரு தாமரைக் குளம் வெட்டவேண்டும் என்று தோன்றியது. வெட்டினார். குளம் நிரம்பவேண்டுமே? நாச்சம்மைக்குத் தண்ணீர் போகும் மடையில் ஒரு பலகைக் கல்லை இறக்கி அடைத்து, வேலோடு இரண்டு காவலரை நிறுத்திவிட்டார். பட்டப்பகலில், ஊர் பார்க்கத்தான் செய்தார்.

நாச்சம்மை நேரே அரண்மனைக்கு வந்து முறையிட்டாள். அன்று பௌர்ணமிக்கு அடுத்த நாள்.

மன்னன் தளவாயைப் பார்த்தான். தளவாய் பதறவில்லை, கைகுவித்தார்.

“அரசே, அந்த மடை என் தோப்புக்கே உரியது என்பது என் கட்சி. தனக்குரியது என்பது இந்த அம்மாளின் கட்சி. இதைத் தாங்கள் போற்றும் நடுநிலையோடு விசாரிக்கவேண்டும் என்பதே என் விருப்பம். வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நாள் பௌர்ணமி. அடுத்த பௌர்ணமி வரை யாரும் எந்தப் பக்கமும் பேசக்கூடாது. பொருள் இப்போது யார் கையில் இருக்கிறதோ அதுவரை அவர் கையிலேயே இருக்கட்டும். இந்த விதி இனி நாட்டில் எல்லா வழக்குக்கும் பொருந்தட்டும். மீறி ஒரு பக்கம் பேசுகிறவரைப் பதவி பறித்து, கழுதை மேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும்.”

“ஆஹா! இதுவல்லவோ நடுநிலை!” என்றான் மன்னன். ஓலையில் விதியை எழுதச் சொல்லி, கடைசியில் ‘இந்த விதி மன்னனையும் கட்டும்’ என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தான். “நடுவராக யாரை வைக்கலாம்?”

“ஆராவமுதனாரைவிடப் பொருத்தமானவர் யார்?” என்று தளவாய் சிரித்தார். “ஆனால் நடுவர் மற்றவரைவிடக் கவனமாக இருக்கவேண்டும். நகத்தளவு சாய்ந்தாலும் கழுதைதான்.”

ஆராவமுதனுக்குப் பொறி புரிந்தது. மடையைத் திற என்றால் நாச்சம்மை பக்கம் சாய்ந்தவன் ஆவான், கழுதை மேல் போவான். பேசாமல் இருந்தால் ஒரு மாதத்தில் தோட்டமே இருக்காது. அதற்குப் பிறகு தீர்ப்பு யாருக்கு வேண்டும்? பணிந்து வணங்கி, “உத்தரவு” என்று மட்டும் சொன்னான்.

ஒன்பதாம் நாள் காலை நாச்சம்மை அவன் வீட்டு வாசலுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு மல்லிகைக் கிளையை எடுத்துக் காட்டினாள். மொட்டெல்லாம் விரியாமலே பழுத்துப்போய் இருந்தது.

“பாருங்க ஐயா. குடத்துல தூக்கித் தூக்கி ஊத்தறோம். என் பெரிய பொண்ணுக்குத் தோளெல்லாம் கன்னிப்போச்சு. இன்னும் நாலு நாள் தாங்கும். வழக்கு முடியறதுக்குள்ள என் செடி முடிஞ்சிரும்.”

“அம்மா, இந்த வழக்கைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது” என்றான் ஆராவமுதன்.

நாச்சம்மை அவனை மேலும் கீழும் பார்த்தாள். “ஜோசியரும் இதைத்தான் சொன்னாரு. வைத்தியரும் இதைத்தான் சொன்னாரு. தினம் அந்த மடையைத் தாண்டித்தானே எல்லாரும் அரண்மனைக்குப் போறாங்க? அங்க ஒரு கல்லு கிடக்கறது யாரு கண்ணுலயும் படலையா? நடுவுல நிக்கறோம், நடுவுல நிக்கறோம்னு சொல்றீங்களே, என் கழுத்துல ஒருத்தன் கால வச்சு நிக்கறப்ப, நீங்க நடுவுல நின்னா அந்தக் கால் தானா இறங்கிருமா ஐயா?”

கிளையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆராவமுதன் அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு அன்று முகம் சுண்டிப்போயிருந்தது. அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்பதைவிட, அவள் சொன்னது சரி என்று சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவனை அறுத்தது.

பிறகு எழுந்து அரண்மனைக்குப் போய், மன்னனின் விதி எழுதிய ஓலையை வாங்கி எழுத்து விடாமல் மூன்று முறை படித்தான். மூன்றாவது முறை படிக்கும்போது அவன் பெரிய காதுகள் இரண்டும் லேசாகச் சிவந்தன. அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவனுக்கு யோசனை வந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் இந்த யோசனை தப்பினால் கழுதையோடு போகாது, தலையோடு போகும்.

இரண்டு நாள் கழித்து ஏகாதசி. மன்னன் ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். மறுநாள் துவாதசிக் காலையில் பூசை முடித்துத் துளசி தீர்த்தம் வாங்கியவுடன் நேரே இலைக்கு வருவான். அந்த ஒரு வேளைக்காக மடைப்பள்ளி விடியும் முன்பே புகையத் தொடங்கிவிடும். அகத்திக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வறுவல், நெய் மிதக்கும் பாசிப்பருப்பு, குங்குமப்பூ போட்ட பால் பாயசம்.

துவாதசிக் காலையில் போசன மண்டபத்தில் தலைவாழை இலை விரித்து எல்லாம் பரிமாறியாயிற்று. வழக்கப்படி தளவாயும் ஜோதிடரும் வைத்தியரும் ஓரமாக நின்றார்கள். மன்னனை வணங்குவதற்காகச் சமையற்காரர்கள் அத்தனை பேரும் மடைப்பள்ளியை விட்டு வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் ஆராவமுதன் நிதானமாக நடந்து போனான். மடைப்பள்ளிக் கதவைச் சாத்திப் பூட்டினான். திறவுகோலை இடுப்பில் செருகினான். திரும்பி வந்து மன்னனின் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இலையைச் சுற்றி நீர் தெளித்து, அகத்திக்கீரையில் கைவைத்தான்.

மன்னன் வாசலில் வந்து நின்றான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான்.

“ஆராவமுதா! என்ன செய்கிறாய்?”

“சாப்பிடுகிறேன் அரசே.”

“அது என் இலை!”

“அது தங்கள் கட்சி. என் இலை என்பது என் கட்சி.” ஒரு வாய் பருப்பை விழுங்கிக்கொண்டான். “மடைப்பள்ளியும் என்னுடையது என்பது என் கட்சி. ஆகவே இது வழக்கு. விதிப்படி அடுத்த பௌர்ணமி வரை பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கவேண்டும். இலை என் முன்னால் இருக்கிறது. திறவுகோல் என் இடுப்பில் இருக்கிறது.”

மன்னனுக்கு முகம் சிவந்தது. “காவலர்களே! இவனை இழுத்து வெளியே போடுங்கள்!”

காவலர்கள் ஓரடி எடுத்துவைத்தார்கள். ஆராவமுதன் இடது கையால் ஓலையை உயர்த்திக் காட்டினான். “காவலர்களே, ஒரு பக்கம் சாய்ந்தால் கழுதை. கடைசி வரியையும் படிக்கட்டுமா? ‘இந்த விதி மன்னனையும் கட்டும்.’ இது யாருடைய கையெழுத்து என்று அரசருக்குத் தெரியும்.”

காவலர்கள் நின்றுவிட்டார்கள். மன்னன் தன் எழுத்தைப் பார்த்தான். தலைமைச் சமையற்காரரின் பக்கம் திரும்பினான்.

“நீரே சொல்லும். இந்த இலை யாருக்காகப் போடப்பட்டது?”

சமையற்காரரின் கண்கள் தளவாயின் மேல் போய் ஓலையின் மேல் வந்து தரையில் விழுந்தன. “அரசே... இலை போட்டது நான்தான். ஆனால்... நான் நடுநிலை.”

“ஜோதிடரே?”

“நடுநிலை, அரசே.”

“வைத்தியரே! நான் நேற்று முழுதும் பட்டினி என்பது உமக்குத் தெரியுமே!”

“தெரியும் அரசே. பசிக்கும் தங்களுக்கும் நடுவில் நான்...” வைத்தியர் அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் இருமினார்.

ஆராவமுதன் சுண்டைக்காயை முடித்துவிட்டுப் பாயசத்தை எடுத்தான். குங்குமப்பூ மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. மன்னனின் வயிறு எல்லோர் காதிலும் விழும்படி ஒரு சத்தம் போட்டது.

“தளவாயாரே!” மன்னனின் குரல் உடைந்தது. “விதியைச் சொன்னவர் நீர். உம் கண்ணெதிரே இவன் வந்து உட்கார்ந்தான். இது யாருடைய இலை என்று சொல்லும்!”

தளவாயின் மீசை நடுங்கியது. மன்னருடையது என்று சொன்னால் தான் போட்ட விதியைத் தானே மீறியவர் ஆவார். அதோடு, கண்ணால் கண்டதைச் சொல்லலாம் என்று ஆகிவிட்டால், மடையைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? சொல்லாவிட்டால் மன்னனின் பசிக்குப் பகையாவார்.

“அரசே,” என்றார் மெல்ல, “பௌர்ணமிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான்...”

“பதினெட்டு நாளா! அதுவரை நான் பட்டினி கிடக்கவா?”

“கவலை வேண்டாம் அரசே” என்றான் ஆராவமுதன் கனிவாக. “பௌர்ணமியன்று தங்கள் பக்கம் தீர்ப்பானால் இலையை அப்படியே தந்துவிடுவேன். இலையை மட்டும்.”

மன்னன் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். காலி ஆகிக்கொண்டிருந்த இலையைப் பார்த்தான். தலைகுனிந்து நிற்கும் அவையைப் பார்த்தான். ஆராவமுதனும் சாப்பிடுவதை நிறுத்தினான்.

“அந்தப் பெண்ணின் பெயர் என்ன?” என்றான் மன்னன் கடைசியில்.

அவையினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பூந்தோட்டக்காரி. மடைக்காக வந்தாளே, அவள் பெயர் என்ன?”

“நாச்சம்மை, அரசே” என்றார் வைத்தியர்.

“மடை மூடிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் ஒரு நாள் பட்டினிக்கே இப்படித் துடிக்கிறேன்.” மன்னன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “பௌர்ணமியன்று அவளுக்கும் நாம் இலையை மட்டும்தானே கொடுத்திருப்போம்? ஆராவமுதா, அவளுக்கு மடை அடைபட்டது. நீ எனக்கு மடைப்பள்ளியை அடைத்துவிட்டாய்.”

ஆராவமுதன் ஓலையை மட்டும் நீட்டினான்.

மன்னன் ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். “இந்த விதி இந்த நொடியோடு ஒழிந்தது. இப்போது சொல்லுங்கள். அந்த மடையை மூடியது யார்? அது யாருக்கு உரியது?”

வைத்தியர்தான் முதலில் பேசினார். “தளவாயார்தான் மூடினார், அரசே. கல்லை இறக்கும்போது நான் அந்த வழியாக வந்தேன். இருபது வருடமாக அந்தத் தண்ணீர் நாச்சம்மை தோட்டத்துக்குத்தான் போகிறது.” ஜோதிடரும் ஆமாம் என்றார். காவலரில் ஒருவன், “கல்லைத் தூக்கிவந்தவனே நான்தான், மன்னிக்கவேண்டும்” என்று அழுதான். பன்னிரண்டு நாளாக அடைபட்டிருந்த பேச்சு ஒரே நேரத்தில் பாய்ந்து வந்தது.

தளவாய்க்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. சட்டென்று முன்னால் வந்தார். “அரசே, விதி இப்போதுதான் ஒழிந்தது. ஆனால் அது உயிரோடு இருந்தபோதே இந்த நடுவர் அதை மீறிவிட்டார். இந்த நாடகமெல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தானே? அவள் பக்கம் சாய்ந்தவருக்குக் கழுதை உண்டா இல்லையா?”

ஆராவமுதன் கையலம்பிவிட்டு எழுந்தான்.

“அரசே, இந்தப் பன்னிரண்டு நாளில் மடையைப் பற்றி நான் ஒரு சொல்லாவது சொன்னதாக யாராவது சொல்லட்டும். நாச்சம்மை என் வீட்டு வாசலுக்கே வந்து ஏசிவிட்டுப் போனாள், அவளிடம்கூடச் சொல்லவில்லை. இன்று நான் பேசியது என் வயிற்று வழக்கு. மடை வழக்கைப் பேசியது தாங்கள். சாட்சி சொன்னது இவர்கள். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன்? பாயசத்தின் பக்கம் சாய்ந்தேன் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.”

மன்னனின் உதடு துடித்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பசி வயிற்றோடு சிரித்ததில் விலாவைப் பிடித்துக்கொண்டான். அவையும் சேர்ந்து சிரித்தது. தளவாயின் மீசை மட்டும் கீழ்நோக்கி இருந்தது.

“அப்படியானால் நடுநிலை என்பது வீண் சொல்தானா ஆராவமுதா?”

“இல்லை அரசே, நல்ல சொல்தான். இரண்டு பக்கமும் கேட்டு முடிக்கும்வரை காது நடுவில் இருக்கவேண்டும். கேட்டு, கண்டு, தெரிந்துகொண்ட பிறகும் வாய் நடுவிலேயே நின்றால் அதற்குப் பெயர் நடுநிலை இல்லை, பயம். பயத்துக்குத்தான் நாம் இத்தனை நாள் பட்டுத்துணி கட்டிப் பார்த்தோம்.”

மன்னன் தன் கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றி ஆராவமுதனின் ஒல்லிக் கையில் மாட்டினான். அது முழங்கை வரை ஏறிப்போய் நின்றது. மடைக்கல்லைத் தளவாய் தன் கையாலேயே பெயர்க்கவேண்டும், செடிகள் தழைக்கும்வரை தினமும் காலையில் குடம் சுமந்து அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், ஊர் நடுவராக இனி ஆராவமுதனே இருக்கவேண்டும், எந்த நாளிலும் வழக்குக் கேட்கவேண்டும் என்று ஆணையிட்டான். ஆணை முடிந்ததும் கையை நீட்டினான்.

“திறவுகோலைக் கொடு. இனி என்னால் முடியாது.”

அன்று பகலிலேயே கல் பெயர்ந்தது. ஆராவமுதன் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வெடித்த மண்ணைக் குடித்துக்கொண்டே தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாச்சம்மையின் இரண்டு பெண்களும் வாய்க்காலுக்குள் இறங்கிக் கூச்சல் போட்டார்கள். தளவாய் முழங்காலளவு சேற்றில் நின்று, குடத்தை எந்தப் பக்கம் சரிப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நாச்சம்மை அவருக்குப் பாத்தி காட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பக்கம் இல்லைங்க, வேருல ஊத்துங்க, வேருல!”

ஆராவமுதனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அன்று ஏசியது நினைவுக்கு வந்து சற்றே கூச்சப்பட்டாள்.

“வாங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க. கூழ் இருக்கு, ஒரு வாய் குடிக்கிறீங்களா?”

ஆராவமுதன் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம். இன்றைக்கு ஒரு ராஜாவின் சாப்பாட்டை ஒண்டியாகச் சாப்பிட்டேன். நாளை மறுநாள் வரை என் பக்கம் சோற்றைக் காட்டாதீர்கள்!”

நாச்சம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்து, பன்னிரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.